ஞாயிற்றுக்கிழமை யாரும் சாகவில்லை

எங்கள் வல்சோம்ப் பள்ளத்தாக்கில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையை வேட்டைக்காரர்கள் கொம்பு ஊதித்தான் எழுப்புவார்கள். முதலில் கொம்பு. அப்புறம் நாய்களின் கழுத்துமணி. அப்புறம் ஒன்றுமே கேட்காது. அந்த ஒன்றும் கேட்காத நேரத்தில்தான் ஜன்னலை விட்டுத் தள்ளி நிற்போம். வெடிச்சத்தம் கேட்டுவிட்டால் மூச்சு திரும்பிவிடும். குண்டு வேறு எங்கோ போய்விட்டது என்று அர்த்தம்.

அப்படி ஒரு அக்டோபர் ஞாயிறு, ஓதில் வலா தன் வீட்டுக் கொல்லையில் துவைத்த படுக்கை விரிப்பைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதுக்குப் பக்கத்தில் விரிப்பு பட்டென்று ஓர் அடி வாங்கியது. பார்த்தால் ஓட்டை. ஓதில் அலறவில்லை. அந்த ஓட்டை வழியாகக் கொஞ்ச நேரம் காட்டையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். பிறகு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வாசற்படி தாண்டவில்லை.

அவள் புருஷன் அர்சேன் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸின் டிரைவர். சாலையில் வாத்து குறுக்கே வந்தால் ஹாரன் அடிக்காமல் அது போகும்வரை காத்திருக்கிற ரகம். மறுநாள் அந்த விரிப்பை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். நகராட்சி மண்டபத்துக்கு ஒட்டினாற்போல் நான் ஒரு காப்பிக்கடை நடத்துகிறேன். ஊரில் வேறு கடை கிடையாது. ஆகவே எல்லோருடைய கஷ்டமும் முதலில் என்னிடம்தான் வரும்.

"கிளெரெத், இத யார்கிட்ட காட்டணும்?"

"இதென்ன கேள்வி? போலீஸ்ல காட்டுங்க."

போனார். காவல் நிலையத்தில் எங்களுக்கெல்லாம் தெரிந்த பையன்தான் இருந்தான். ஓட்டையைப் பார்த்து உச்சுக்கொட்டினான். பேனாவை எடுத்தான்.

"என்னைக்கு நடந்துச்சு?"

"ஞாயித்துக்கிழமை."

பேனாவை மூடிவிட்டான். "வேற எந்தக் கிழமையா இருந்தாலும் எழுதிருப்பேன் அண்ணே. ஞாயிறுன்னா இப்ப அது குற்றமில்ல, விவாதம். ஞாயித்துக்கிழமை வேட்டைய நிறுத்தலாமா வேணாமான்னு நாடு பூரா பேசிக்கிட்டிருக்காங்க. அதுக்கு ஆணையம் போட்டிருக்காங்க. நான் நடுவுல புகுந்து எழுதினா ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடும்."

'ஞாயிறு நல்லிணக்க ஆணையம்' எங்கள் மண்டபத்தில்தான் கூடியது. காப்பி கொடுக்கும் பொறுப்பு எனக்கு. ஆகவே இனி நான் சொல்வதெல்லாம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. தலைவர், துணை ஆட்சியர் மதாம் விலானோவ். பாரிஸிலிருந்து வந்தவர். யார் பேசினாலும் தலையாட்டிக்கொண்டே கேட்பார். பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தலை ஆடிக்கொண்டிருக்கும். அவருக்கு வலப்பக்கம் வேட்டைக்காரர் சங்கத் தலைவர் பூஸ்கரேல். வீடு, நிலம் கைமாறினால் பத்திரம் முடித்துத் தருகிற வக்கீல். இடப்பக்கம் புள்ளிவிவர அதிகாரி ஒருவர். மூலையில் எங்கள் பாதிரியார்.

அர்சேன் மேசையில் விரிப்பை விரித்தார். பூஸ்கரேல் ஓட்டைக்குள் விரலை விட்டு மெல்லச் சுழற்றிப் பார்த்தார்.

"பிசிறே இல்ல. நல்ல துப்பாக்கி."

"காயம் எங்க?" என்று கேட்டார் மதாம் விலானோவ்.

"காயம் இல்லீங்க மதாம். தப்பிச்சிட்டா."

"அப்படின்னா பாதிக்கப்பட்டது யாரு?"

புள்ளிவிவர அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "துணி" என்றார்.

"துணிக்கு இங்க இடமில்லையே," என்று வருத்தப்பட்டார் மதாம். "ஆனா முசியே வலா, நீங்க வந்தது எங்க அதிர்ஷ்டம். இந்த ஆணையத்துல சாதாரண குடிமகன் ஒருத்தர் இருக்கணும்னு விதி. எங்க தேடியும் கிடைக்கல. உக்காருங்க."

உட்கார்ந்தார். அவர் முன்னால் ஒரு பெயர்ப்பலகை வைத்தார்கள். 'துப்பாக்கி இல்லாத தரப்பு' என்று எழுதியிருந்தது. அவர் வருவதற்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள்.

அன்று பூஸ்கரேல் பேசியது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"எங்க தாத்தா ஞாயித்துக்கிழமை சுட்டார். எங்க அப்பா ஞாயித்துக்கிழமை சுட்டார். ஒரு தடவை எங்க தாத்தாவையே சுட்டார், தொடையில. அதனால குடும்பம் உடைஞ்சுதா? இல்ல. அன்னிக்கு மத்தியானம் ஒரே மேசையில உக்காந்து காட்டுப்பன்னிக் கறி சாப்பிட்டாங்க. அதுக்குப் பேருதான் பாரம்பரியம். திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் நாங்க வக்கீல், கசாப்புக்காரர், பல் டாக்டர். உங்க கழுத்துப் பக்கத்துல கத்தி வச்சு வேலை பாக்கறவங்களும் எங்கள்ல இருக்காங்க. ஒரு தப்பு நடந்திருக்கா? ஏன் நடக்கல? ஞாயித்துக்கிழமை இருக்கறதால. அதையும் பிடுங்கிட்டா, உள்ள இருக்கறதெல்லாம் எந்தக் கிழமை வெளிய வரும்னு யோசிச்சுப் பாருங்க."

நாங்கள் யோசித்துப் பார்த்தோம். பாதிரியார் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

பாதிரியாரின் கருத்தைக் கேட்டார்கள். "கர்த்தர் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது உண்மைதான்," என்றார். "ஆனா என் பூசைக்கு வர்றவங்களவிட வேட்டைக்குப் போறவங்க அதிகம். கர்த்தருடைய மந்தை எங்க இருக்குன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது."

கடைசியில் புள்ளிவிவர அதிகாரி எழுந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர்.

"ஞாயித்துக்கிழமை ஏன் விபத்து கூடுது? வேட்டைக்காரங்க காட்டுல இருக்கறதால இல்ல. மத்தவங்களும் இருக்கறதால. நடக்கறவங்க, சைக்கிள் விடறவங்க, காளான் பறிக்கறவங்க. வெறும் வேட்டைக்காரங்க மட்டும் இருக்கற காட்டுல, நடக்கப்போன ஒருத்தர்கூட சுடப்பட்டதில்ல."

மதாம் விலானோவ் தலையாட்டலை நிறுத்தினார். "அத இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார்.

இப்படியாக, விவாதம் நடந்து முடியும்வரை வேட்டையில் கை வைப்பதில்லை, நடக்கிறவர்களைத் திருத்துவது என்று முடிவானது.

காட்டோரத்து வீடுகளின் கூரையில், தூரத்திலேயே தெரியும்படி வேட்டைக்காரர் சட்டை நிறத்தில், ஆரஞ்சுத் தார்ப்பாய் கட்டச் சொன்னார்கள். அர்சேன் கட்டினார். ஓதில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கே சட்டை போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டாளாம். பிறகு, ஞாயிறன்று காட்டுக்குள் நடக்க விரும்புகிறவர்களுக்குச் சான்றிதழ் வகுப்பு. கற்றுக்கொடுத்தது எங்கள் ஊர்க் கசாப்புக்காரர் தியேரி. அவரும் வேட்டைக்காரர்தான். தங்கமான மனுஷர். எலும்பு கேட்டால் காசு வாங்க மாட்டார்.

வகுப்பில் முன்வரிசையில் அர்சேனும் அவருடைய சிநேகிதர் இலேரும் உட்கார்ந்தார்கள். இலேர் எங்கள் ஊரின் பழைய ரொட்டிக்கடைக்காரர். கடையை மூடிய பிறகு, அவருக்கு உலகத்தில் மிச்சமிருந்த சந்தோஷம் காளான்தான்.

"முதல் பாடம்," என்றார் தியேரி. "பன்னி மாதிரி இருக்காதீங்க. பன்னி குனிஞ்சிருக்கும். நீங்க குனியாதீங்க. பன்னி முணுமுணுக்கும். நீங்க வாயத் திறந்து பாடுங்க."

"காளான் தரையிலதானே முளைக்குது தியேரி," என்றார் இலேர். "குனியாம எப்படிப் பறிக்கிறது?"

தியேரி யோசித்தார். "மண்டி போடுங்க. முதுகு நேரா இருக்கட்டும். ஜெபம் பண்ற மாதிரி. பன்னி ஜெபம் பண்ணாது."

இலேர் அதை எழுதிக்கொண்டார். அர்சேன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "மனுஷனுக்கும் பன்னிக்கும் என்ன வித்தியாசம்னு வேட்டைக்காரங்களுக்கும் வகுப்பு உண்டா?"

"அதயும் பேசினாங்கப்பா. எங்க பெரியவங்க பல பேருக்குக் கண்ணுல புரை. பரீட்சை வச்சு ஃபெயில் ஆயிட்டா அந்த வயசுல அவமானமில்லையா?"

கடைசியில் செய்முறைத் தேர்வு. ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பாடிக்கொண்டே போக வேண்டும். தியேரி துடைப்பக் கட்டையைத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடிக் குறி பார்ப்பார். சந்தேகம் வந்தால் "டப்" என்பார். அர்சேன் பயத்தில் கொஞ்சம் கூனிவிட்டார். ஒரு "டப்" விழுந்தது. இலேர் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, கல்யாண வீட்டுப் பாட்டை உரக்கப் பாடிக்கொண்டு, ஒரு "டப்"கூட இல்லாமல் கடந்து போனார். முதல் மதிப்பெண் அவருக்கு. மதாம் விலானோவே வந்து கைகுலுக்கி, "எதிர்காலத்து நடையாளர் இவர்தான்," என்று பத்திரிகைக்காரரிடம் சொன்னார்.

நவம்பர் மாதம் ஒரு ஞாயிறு, கொம்பு ஊதி, மணிச்சத்தம் போய், சத்தமில்லாத அந்த நேரத்தில், நான் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் யாரோ பாடுவது லேசாகக் கேட்டது. ஒரே ஒரு வெடி. பாட்டு நின்றது.

சற்று நேரத்தில் தியேரி கடைக்குள் ஓடி வந்தார். நேராகப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போய் வாந்தி எடுத்தார். முகத்தைத் துடைக்காமலே பேசினார்.

"பாட்டு கேட்டுச்சு கிளெரெத். ஆரஞ்சும் தெரிஞ்சுது. நம்ம வேட்டை ஆளுதான் நிக்கறான், பன்னிய மடக்கிட்டு நம்மளக் கூப்பிடறான்னு நெனச்சேன். பன்னிக்குத்தான் சுட்டேன். பன்னியே இல்ல கிளெரெத். அங்க பன்னியே இல்ல."

சத்தம் கேட்டு முதலில் போய்ச் சேர்ந்தது அர்சேன். ஆம்புலன்ஸ் மலைச்சாலை ஏறி வரும்வரை இலேரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தார். இலேருக்கு நினைவு தப்பவில்லை. சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"நான் குனியல அர்சேன். அவங்ககிட்ட சொல்லு. நான் குனியவே இல்ல."

மறுநாள் காலை நகரத்து ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போனது.

அந்த வாரமே ஆணையம் கூடியது. எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். பூஸ்கரேல் அழுதார். அதைச் சொல்லியாக வேண்டும், கண்ணீர் நிஜம். வேட்டை இந்தத் தடவை நின்றுவிடும் என்றே நான் நினைத்தேன். மதாம் விலானோவும் அப்படித்தான் நினைத்தார் போல. "ஞாயிற்றுக்கிழமையில ஒரு மரணம். இனி விவாதத்துக்கு என்ன இருக்கு," என்றார்.

புள்ளிவிவர அதிகாரி இருமினார். "மன்னிக்கணும் மதாம். மரணம் திங்கட்கிழமை."

"என்ன?"

"ஆஸ்பத்திரி சொல்லுது. உயிர் பிரிஞ்சது திங்கள் காலையில."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை யாரும் சாகல மதாம்."

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு பரவியது. யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்கள். காப்பி ஆறிப்போய்விட்டது, சூடாகக் கிடைக்குமா என்று என்னைக் கேட்டார்கள்.

அர்சேன் எழுந்தார். அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் அன்றுதான் கேட்டேன்.

"அவர் செத்தது ஞாயித்துக்கிழமைதான். நான் கூட இருந்தேன். என் மடியிலதான் இருந்தார். மூச்சு நின்னதுதான் திங்கட்கிழமை."

"முசியே வலா," என்றார் மதாம், மிகவும் கனிவாக. "உங்க துக்கம் எங்க துக்கம். அது வீண் போக விடமாட்டோம். இந்தத் துயரம் நமக்கு என்ன சொல்லுது? ஆபத்தான நாள் எதுன்னு சொல்லுது. நாம எல்லாரும் தப்பான கிழமையப் பாத்துக்கிட்டு இருந்திருக்கோம். திங்கட்கிழமை வேட்டையத் தடை செய்யலாம்னு முன்மொழியறேன்."

எங்கள் பள்ளத்தாக்கில் திங்கட்கிழமை வேட்டைக்குப் போனவன் யாரும் கிடையாது. அன்று எல்லோருக்கும் வேலை. ஆனாலும் பூஸ்கரேல் எழுந்து நிற்கச் சிரமப்பட்டார். மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"திங்கட்கிழமைய எங்ககிட்டேர்ந்து எடுத்துக்கறீங்க," என்றார். "கொடுக்கறோம். எங்க முன்னோர்கள் எங்கள மன்னிக்க மாட்டாங்க. ஆனா இலேருக்காகக் கொடுக்கறோம். வேட்டைக்காரனுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாதுன்னு இனிமே யாரும் சொல்லக்கூடாது."

எல்லோரும் கை தட்டினார்கள். அர்சேன் நின்றுகொண்டே இருந்தார். "நீங்க கேட்டது தடைதானே?" என்று மதாம் அவரைக் கேட்டார். "தடை கிடைச்சாச்சு. உக்காருங்க."

இன்னொரு முடிவும் அன்றே எடுத்தார்கள். நடையாளர் சான்றிதழ் ஆபத்தானது. அதை நம்பித்தானே இலேர் காட்டுக்குப் போனார்? ஆகவே எல்லாச் சான்றிதழும் ரத்து. இனி ஞாயிறன்று காட்டுக்கும் காட்டுப் பாதைக்கும் போகலாம், ஆனால் ஆயுதப் பாதுகாப்பு தெரிந்தவர்கள் மட்டும். அதாவது வேட்டை லைசென்ஸ் உள்ளவர்கள்.

எங்கள் ஊரில் காட்டுப் பாதை அல்லாத பாதை எது? கோயிலுக்குப் போவதும் அதுதான், கல்லறைக்குப் போவதும் அதுதான். பாதிரியார் பூசையைச் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றினார். சந்தை இடம் மாறியது. தியேரி கடையைப் பூட்டிவிட்டுத் தங்கை ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, ஞாயிறென்றால் ஊர் கதவடைத்துக் கிடந்தது. ஜன்னல் இடுக்கில் பார்த்தால் வேட்டைக்காரர்களின் வெள்ளை வேன்கள் மெதுவாகப் போகும். உள்ளே இருக்கிறவர்கள் பழக்க தோஷத்தில் கையசைப்பார்கள். நாங்களும் இருட்டுக்குள் நின்றுகொண்டு கையசைப்போம். விபத்து ஒன்றுகூட இல்லை என்று ஆணையம் அறிக்கை விட்டது. பேச்சு சத்தமே இல்லாத தெருவில் நாய்கள் வாலை இடுக்கிக்கொண்டு திரிந்தன.

இதை மாற்றியது ஓதில். வசந்தம் வந்த பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாளாம்: "எனக்கு வெளிய போகணும் அர்சேன். ஞாயித்துக்கிழமை, வெயில்ல, காட்டுக்கு. லைசென்ஸ் எடு. ரெண்டு பேருக்கும்."

"துப்பாக்கிய வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். கையில இருந்தா போதும்."

அவர்கள் எடுத்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் எடுத்தார்கள். பள்ளிக்கூட டீச்சர் எடுத்தார். பாதிரியார் எடுத்தார். இலேரின் விதவை எடுத்தாள். கல்லறைக்குப் போக வேண்டுமே. நானும் எடுத்தேன். தேர்வில் யாரும் தோற்கவில்லை.

கோடையில் ஆணையம் கடைசியாகக் கூடியது. வல்சோம்பில் வயதுவந்த எல்லோரும் வேட்டைக்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்று புள்ளிவிவர அதிகாரி அறிவித்தார். "இதவிட மக்கள் தீர்ப்பு வேணுமா?" என்றார் பூஸ்கரேல். "ஞாயித்துக்கிழமை வேட்டை வேணாம்னு சொல்ல இந்தப் பள்ளத்தாக்குல ஒரு ஆள் இல்ல." மதாம் விலானோவ் விவாதம் முடிந்தது என்று சொல்லி, அர்சேன் முன்னாலிருந்த பெயர்ப்பலகையைத் தன் கையாலேயே எடுத்தார். அப்படி ஒரு தரப்பே இப்போது இல்லை என்பதால் அவருடைய இடம் காலியாகிவிட்டது. கைகுலுக்கி அனுப்பினார்கள். வெகு சீக்கிரத்தில் மதாமுக்கு மந்திரி அலுவலகத்தில் பதவி கிடைத்தது.

செப்டம்பரில் வேட்டைக் காலம் தொடங்கியதும் நாங்கள் வெளியே வந்தோம். ஆரம்பத்தில் எல்லோருடைய துப்பாக்கியும் காலிதான். கைத்தடி மாதிரி தூக்கிக்கொண்டு நடந்தோம். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். ஆனால் எதிரே வருகிறவன் துப்பாக்கி காலியா என்று எப்படித் தெரியும்? கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும். கேட்காமல் இருந்தால் முதுகு கூசும். டீச்சர் தோட்டா போட ஆரம்பித்துவிட்டாள் என்று கடையில் யாரோ சொன்னார்கள். நான் அதற்கு முந்தைய வாரமே போட்டுவிட்டிருந்தேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, மழை விட்ட மறுநாள், நான் காளானுக்குப் போனேன். பனிமூட்டம். பெரிய கஷ்கொட்டை மரத்தடியில் நல்ல காளான் கூட்டம். மண்டி போட்டு, துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பறித்துக்கொண்டிருந்தேன். யாரோ பாதையில் வருகிற சத்தம். இலை நொறுங்கியது, நின்றது. துப்பாக்கியில் தோட்டா போட்டு மடக்கிப் பூட்டுகிற உலோகச் சத்தம். எங்கள் ஊரில் இப்போது அது எல்லோருக்கும் தெரிந்த சத்தம்.

"அங்க யாரு?" அர்சேனின் குரல்.

வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். பாட வேண்டும் என்றுகூட நினைத்தேன். அதற்குள் பாதையில் இலை மறுபடி நொறுங்கியது. புதருக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று பின்னால் நின்றது. மற்றது ஓர் அடி முன்னால் வந்தது.

காற்று அசைந்து பனி விலகியது. முன்னால் நின்றது ஓதில். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை.

"நம்ம கிளெரெத்து, ஓதில்," என்றார் அர்சேன். "இறக்கு. கிளெரெத்துதான்."

"தெரியுது," என்றாள் ஓதில். துப்பாக்கியை இறக்கவில்லை.

"ஓதில், நான்தான்," என்றேன். "காளான் பறிக்க வந்தேன்."

"தெரியுது கிளெரெத்," என்றாள் அவள் மறுபடி. "நீ முதல்ல இறக்கு."

எதை இறக்கச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கண்ணைத் தாழ்த்திப் பார்த்தேன். நான் மண்டி போட்டபடியே இருக்க, என் துப்பாக்கி என் தோளுக்கு ஏறியிருந்தது. என் விரல் விசையில் இருந்தது.